எழுத்துத் தெரிகிறதா

இறுப்பிட்டி, புங்குடுதீவு
05.02.2024

அன்புள்ள அம்புறோஸ் ஐயாவுக்கு,

பவதாரணி எழுதுகிறேன், சிறுநீரகக் கிளினிக்கில் அம்மாவின் வயிற்றுக் குழாயில் பை மாற்ற உங்களுக்குப் பழக்கிய தாதி, உங்கள் மிசி. மருந்துப் பெட்டிகளோடு கடிதமும் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். மரியநாயகி அம்மாவின் இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்திருக்கிறது.

போனில் நான் எதைக் கேட்டாலும் நீங்கள் "ஓம் மிசி" என்கிறீர்கள். கை கழுவினீங்களோ? ஓம் மிசி. ஃபானை நிப்பாட்டினீங்களோ? ஓம் மிசி. பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அத்தனை ஓமுக்கும் நடுவில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. அதனால்தான் ஐந்து மாதத்துக்குள் இரண்டு தடவை அம்மாவின் வயிற்றுக்குள் கிருமி போயிருக்கிறது.

டொக்டர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். இன்னொரு தடவை கிருமி பிடித்தால் வயிற்றுக் குழாயை எடுக்க வேண்டிவரும். பிறகு கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் மெசினில்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்யலாம். நெடுந்தீவிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் கடல் தாண்டி வர அம்மாவுக்கு ஏலாது. இரண்டு பேரும் வீட்டைப் பூட்டிவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஆகவே விடிய எழும்பியதிலிருந்து குழாயைப் பூட்டும்வரை செய்வதை எல்லாம் எழுதி அனுப்புங்கள். எழுதத் தேவையில்லை என்று நினைப்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. வயிற்றுத் தண்ணீர் வடித்த பையைச் சும்மா தூக்கிப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். அச்சடித்த பேப்பர் ஒன்றின் மேல் வையுங்கள். தண்ணீருக்கு அடியில் எழுத்துத் தெரிந்தால் பயமில்லை. மங்கினால் பையோடு முதல் படகில் ஏறுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பவதாரணி


நெடுந்தீவு மேற்கு
15.02.2024

மதிப்புக்குரிய மிசிக்கு,

நானும் மனுசியும் ஆண்டவர் வைத்தபடி இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் கடைசியாக எழுதிய கடிதம் மரியநாயகிக்கு, கலியாணத்துக்கு முதல். அவ பதில் போடவில்லை. நீங்களாவது போட வேண்டும்.

கேட்டபடி எழுதுகிறேன். ஐந்தரைக்கு எழும்பி அறையைக் கூட்டுகிறேன். கோழிகளைக் கலைத்து யன்னலைச் சாத்துகிறேன். ஃபானை நிப்பாட்டி, மேசையைத் துடைத்து, மாஸ்க் போடுகிறேன். எங்கள் கிணறு உவர், சவர்க்காரம் நுரைக்காது. அதனால் காசுக்கு வாங்கும் குடிதண்ணீரில்தான் கை கழுவுகிறேன், நீங்கள் காட்டியபடி விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு எல்லாம். "கழுவிக் கழுவிக் கையைத் தேய்ச்சுப்போடாதேங்கோ, வலை இழுக்க வேணும்" என்று மரியநாயகி சத்தம் போடுவா. புதுத் துவாயில் துடைத்து, வாசல் நிலையில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு அறைக்குள் போய், மூடியைக் கழற்றிக் குழாயைப் பூட்டுகிறேன். வேறொன்றும் இல்லை.

கரையில் கூட மீன்பிடிக்கிற குருசுமுத்து என்னைப் பகிடி பண்ணுகிறான். "அம்புறோஸ் மிசி, எனக்கும் ஒருக்காப் பிரஷர் பாருங்கோவன்" என்று கையை நீட்டுகிறான். நான் திருக்கை வாலை ஓங்கிக் காட்டினேன்.

இங்கே பேப்பர் ஒழுங்காக வருவதில்லை. அதனால் உங்கள் கடிதத்தையே பைக்குக் கீழ் வைத்தேன். "ஓம் மிசி" என்று என்னைப் பிடித்த இடம் வடிவாகத் தெரிந்தது.

இப்படிக்கு,
ச. அம்புறோஸ்


இறுப்பிட்டி
04.03.2024

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில் மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் ஓட்டையைக் கண்டேன். "வேறொன்றும் இல்லை" என்பதற்கு முந்திய வசனத்தில் இருக்கிறது.

கை கழுவித் துடைத்த பிறகு தீர்த்தம் தொடுகிறீர்கள். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் எத்தனை நாளாக நிற்கிறது, ஐயா? அது ஆசீர்வதித்த தண்ணீர், எனக்குத் தெரியும். ஆனால் நின்ற தண்ணீரில் கிருமி இருக்கும். அந்த விரலால்தான் மூடியைக் கழற்றுகிறீர்கள். இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மற்றதெல்லாம் என்னைவிடத் திறமாகச் செய்கிறீர்கள்.

பிழை என்னுடையது. நான் உங்களுக்குப் பழக்கிய அறையின் வாசலில் தீர்த்தக் கிண்ணம் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் என்ன இருக்கும் என்று நான் கேட்கவும் இல்லை.

சிலுவை போடுவதை விடச் சொல்லவில்லை. நானும் விபூதி பூசாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை. வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் தீர்த்தம், பிறகு சவர்க்காரம், அதற்குப் பிறகு குழாயைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

பவதாரணி


நெடுந்தீவு மேற்கு
22.04.2024

அன்புள்ள மிசிக்கு,

பதில் பிந்திவிட்டது. கோபம் இருந்தது, ஆனால் உங்களில் இல்லை. அவ சுகமாக இருக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாலு தரம் தொட்ட தண்ணீரால்தான் அவவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன் என்று நினைக்க, தொழிலுக்குப் போகவும் மனம் வரவில்லை. அவவுக்குச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதம் மேசையில் கிடந்தது. எடுத்து வாசித்துவிட்டா.

"என்னைத் தீர்த்தத்தாலயோ கொல்லப் பாத்தனீங்கள்? நான் உங்கட மீன்குழம்பாலயெண்டெல்லோ நினைச்சனான்" என்று கேட்டுவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பங்குச் சுவாமியிடம் போய், இப்படி வரிசையை மாற்றலாமோ என்று கேட்டேன். "இதைக் கேக்கவோ இந்த வெய்யிலுக்க நடந்து வந்தனீர்? போய்க் கையைக் கழுவும்" என்றார்.

கிண்ணத்தைக் கழற்றிக் கை கழுவும் வாளிக்கு மேலே அடித்துவிட்டேன். இப்போது தீர்த்தம் முன்னுக்கு, சவர்க்காரம் பின்னுக்கு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் பை வைத்த இடம் எல்லாம் சுருங்கிப் போயிற்று. புதிதாக ஒன்று எழுதி அனுப்பினால் நல்லது.

ச. அம்புறோஸ்


இறுப்பிட்டி
08.07.2024

அன்புள்ள ஐயாவுக்கு,

இதோ, பைக்குக் கீழே வைக்க ஒரு புதுக் கடிதம்.

ஐந்து மாதமாகக் கிருமி இல்லை. வருச முடிவுவரை இப்படியே போனால் குழாயைப் பற்றி இனிக் கதைக்க மாட்டேன் என்று டொக்டர் சொல்கிறார். அவர் பாராட்டுவது இப்படித்தான்.

உங்களால் வீட்டில் எனக்கு ஒரு சிக்கல். "உனக்கு ஆர் இந்த நாளையில காயிதம் போடுறது?" என்று என் அம்மா கேட்டா. "நெடுந்தீவில ஒருத்தர், வயது அறுபத்திரண்டு" என்றேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் கிளினிக்குக்கு நிரப்பித் தரும் பதிவுக் கொப்பியைக் காட்டிய பிறகுதான் தேத்தண்ணீர் கிடைத்தது.

அந்தக் கொப்பியைப் பற்றித்தான் ஒன்று கேட்க வேண்டும். வடித்த அளவை எழுதும் இடத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கின்றன. எண்கள் கோட்டுக்கு வெளியே போகின்றன. உங்கள் முதல் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு இருபத்தாறு வரி இருந்தது. போன கடிதத்தில் பதினொன்று. தாள் மலிந்துவிட்டது என்று சொல்ல வேண்டாம்.

உங்கள் கண் எப்படி இருக்கிறது?

பவதாரணி


நெடுந்தீவு மேற்கு
19.08.2024

பிள்ளை பவதாரணிக்கு,

இது மரியநாயகி. முப்பத்தைந்து வருசத்துக்கு முதல் வந்த கடிதத்துக்குப் பதில் போடாதவள் உமக்குப் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடிய இவர் வடித்த பையை உம்முடைய கடிதத்துக்கு மேல் வைத்தார். குனிந்தார், விளக்கைப் போட்டார், திரும்பவும் குனிந்தார். "எழுத்துத் தெரியேல்லை மரியநாயகி" என்றார். உமக்குப் போன் எடுத்தோம், கிடைக்கவில்லை. சோளகக் காற்று அடித்து அன்றைக்குப் படகும் இல்லை. குருசுமுத்துவின் வள்ளத்தில் என்றாலும் கொண்டுபோகிறேன் என்று சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்று நோ இல்லை. ஒன்று சொல்கிறேன், பிள்ளை. இந்த ஒரு வருசத்தில் நான் அந்தப் பையைப் பார்த்ததே இல்லை. என் உடம்பிலிருந்து வடிவதைப் பார்க்க எனக்கு அருவருப்பு. இவர் மாற்றி முடிக்கும்வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அன்றைக்குத்தான் திரும்பினேன். "கொண்டாங்கோ பாப்பம்" என்று சொல்லிப் பையை மடியில் வாங்கிக் கடிதத்தை அடியில் வைத்தேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் ஒரு வரி அப்படியே தெரிந்தது. சத்தமாக வாசித்தேன்: "உங்கள் கண் எப்படி இருக்கிறது?"

இவர் கதிரையில் இருந்துவிட்டார். போன மாரியிலிருந்தே கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது என்று அப்போதுதான் வாய் திறந்தார். உம்முடைய இந்தக் கடிதத்தைக்கூடக் கோயிலடியில் யாரையோ கொண்டு வாசிப்பித்திருக்கிறார். கண்ணைப் பற்றிய வரி வந்ததும் மடித்து வைத்துவிட்டார். "மிசி அறிஞ்சால் என்னைக் குழாயில கை வைக்க விடமாட்டா. பிறகு உம்மை ஆர் பாக்கிறது?" என்று என்னையே கேட்டார்.

அன்றைக்கு மத்தியானப் பையை நான் மாற்றினேன். மூடியைக் கழற்றவே பத்து நிமிசம் எடுத்தேன். இவர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "ஓம் மிசி" என்றேன்.

எனக்கு முறையாகப் பழக்கிவிடும்.

மரியநாயகி


இறுப்பிட்டி
26.08.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். ஐயாவுக்குக் கண் கிளினிக்கில் நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் என்னோடு இருப்பீர்கள்.

ஐயாவிடம் சொல்லுங்கள்: அவர் பயந்தது சரி. கண் தெளியும்வரை அவர் குழாயைத் தொடக்கூடாது. ஆனால் பக்கத்தில் நின்று வரிசை சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

முதல் தரம் மூடியைக் கழற்ற நானும் பத்து நிமிசம் எடுத்தேன். என் வயிறுகூட இல்லை அது.

பவதாரணி


நெடுந்தீவு மேற்கு
07.12.2024

அன்புள்ள மிசிக்கு,

வலது கண்ணில் புரை வெட்டி ஆறு கிழமை. இது என் கையால், என் கண்ணால் எழுதுவது. வரியை எண்ணிப் பாருங்கள்.

வீடு முழுக்க யாரோ வெள்ளை அடித்த மாதிரி இருக்கிறது. மரியநாயகியின் தலை இவ்வளவு நரைத்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதை அவவிடமே சொன்னேன். அன்றைக்கு எனக்கு மீனின் வால் துண்டுதான் விழுந்தது.

டொக்டர் என்னைக் குழாயைத் தொடலாம் என்று விட்டாலும் அவ விடுகிறா இல்லை. நாலு பையில் மூன்று அவ. பின்னேரப் பை மட்டும் எனக்கு, அதுவும் நான் கை கழுவுவதை வாசலில் நின்று பார்த்த பிறகுதான். "நகத்துக்க கழுவினீங்களோ?" என்று கேட்கிறா. எனக்கு வேலை குறைந்துபோனதால் திரும்பவும் தொழிலுக்குப் போகிறேன். விளைமீன் படுகிறது.

குருசுமுத்துவின் பெண்சாதிக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண். போன கிழமை அவன் எங்கள் வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணை, அந்தக் கை கழுவுறதை ஒருக்காக் காட்டுங்கோ" என்றான். காட்டினேன். இந்த முறை பகிடி பண்ணவில்லை.

வருசம் முடிய மூன்று கிழமை இருக்கிறது. தண்ணீர் தெளிவு.

நேற்று உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கி வைத்து, ஒரேயடியாக நானே வாசித்தேன். முதல் கடிதத்தில் உங்கள் எழுத்து எள்ளுப் போல இருக்கிறது. மார்ச்சில் கொஞ்சம் பெரிது. யூலையில் சின்னப் பிள்ளைக்கு எழுதின மாதிரி. கடைசிக் கடிதம் மரியநாயகிக்குத்தான், ஆனால் எழுத்து எனக்கு. என் எழுத்து மட்டும்தான் பெருத்துக்கொண்டு வந்தது என்று நினைத்திருந்தேன், மிசி.

இனி நீங்கள் சின்னதாகவே எழுதலாம். எனக்குத் தெரியும்.

ச. அம்புறோஸ்