முன் சீட்டில் மூன்று பேர்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். கோட்டைப் பாறையின் சூடு வீட்டுக்குள் வரை. தம்பி ராபர்ட் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்தாயிற்று. ஞாயிறு திண்டிவனத்தில் அவன் மகள் ஷைனிக்கு நிச்சயம்.

வந்ததும் வராததுமாக வீட்டு அம்பாசிடரை எடுத்தான். ஸ்டியரிங் ஓரத்துக் கை கியர் அவனுக்குப் பிடிபடவே இல்லை. தெருமுனையில் நின்றுபோய், மினி பஸ்காரன் திட்டியது வீடு வரை கேட்டது. எனக்குச் சிரிப்பு. அடக்கவில்லை.

சாப்பிடும்போது எங்கள் அப்பா, நைனாவிடம் சொன்னான்: "இன்னா நைனா இது, மாட்டு வால முறுக்கற மாதிரி. தரையில கியர் வச்சிட்டா எல்லாரும் ஓட்டலாம். அக்காவுக்கும் தோள் வலி இருக்காது."

நைனா: "செய்யி."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயில், ஆஸ்பத்திரி, மல்லாட்டைக் கடலை மூட்டை, எல்லாவற்றுக்கும் இத்தனை வருஷம் நான்தான் ஓட்டினேன். தோள் வலி என்று எப்போது சொன்னேன்?

ஜூன் 11, புதன்

வண்டியைப் பட்டறையில் விட்டதும் நான்தான். தம்பித் துரைக்கு ஓயாத போன்.

மெக்கானிக் சேகர் வண்டியின் தரையை வெட்டினார். ஒரே தீப்பொறி. பார்க்க முடியவில்லை, டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் சேகர்: "அக்கா, இனிமே முன்னாடி ரெண்டு பேர்தான். நடுவுல ஒக்காந்தா முட்டியில லீவர் இடிக்கும்."

"நடுவுல யாரு ஒக்காரப் போறா? நீ செய்."

பழைய லீவரைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

வண்டி ரெடி. சிங்கவரம் வரை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். இடது கை பழக்கத்தில் மேலே போய்க் காற்றைப் பிடித்தது.

சேகர்: "ரிவர்சுக்கு மட்டும் அமுக்கிட்டு எடப்பக்கம் தள்ளணும். தம்பியாண்ட சொல்லிடுங்க."

சொன்னேன். போனிலிருந்து தலை நிமிரவில்லை. "எல்லா வண்டியும் ஒண்ணுதான்கா."

நாளைக்கு: பூ. பெட்ரோல். நைனா மாத்திரை. என் பட்டுப் புடவை, இஸ்திரி.

ஜூன் 15, ஞாயிறு

வண்டியைத் துடைத்துப் பூ கட்டியது நான். சாவி தம்பி கையில். முன்னால் நைனா. பின்னால் ஷைனி, அவள் அம்மா, அம்மாவின் அம்மா, மடியில் தட்டுகள். முன் சீட்டு நடுவில், நான் உட்கார இருந்த ஒரே இடத்தில், லீவர்.

"அக்கா, பொண்ணு பொடவ கசங்கிடும். நீ பஸ் புடிச்சி வந்துடேன்."

நைனாவைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "பஸ் நெறைய கீது" என்றார்.

போய்விட்டார்கள்.

பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில், எஞ்சின் பெட்டி மேல் இடம். கீழே கொதிக்கிறது. பட்டுப் புடவை வேறு. அழுகை வந்தது. இந்த வீட்டுக்கு நான் மகள் இல்லை போல, டிரைவர்தான். இப்போது அதுவும் இல்லை.

பாதி வழியில் தம்பி போன். "அக்கா, மண்டபத்து வாசல்ல மாட்டிக்கினேன். ரிவர்ஸ் வுழமாட்டேங்குது. மாப்ள வீட்டுக்காரங்க பாக்கறாங்கக்கா."

நல்லா பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வண்டிக்குள் ஷைனி.

"அமுக்கிட்டு எடப்பக்கம் தள்ளு."

கர்ரென்று ஒரு சத்தம். "ஆங், வுழுந்துட்ச்சி."

எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பான் என நினைத்தேன். வைத்துவிட்டான்.