எந்தப் போன் என் விரலை எடுக்கும்

4 ஜூன், புதன்

மத்தியானத்திலிருந்து மழை. கடைப் பின்வாசலில் கணுக்கால் தண்ணீர். இரண்டு மூட்டை வெங்காயம், ஒரு பெட்டி மீன், அதற்கப்புறம் குவாலிச் சட்டிகள் எல்லாம் நானே தேய்த்தேன். பாத்திரம் கழுவுகிறவள் லீவு. முதலாளி பாய் நல்ல மனுஷர்தான், ஆனால் ஆள் குறைந்தால் அவர் கண்ணுக்கு நான் ஒருத்திதான் தெரிவேன்.

புதுப் போன் வாங்குவது என்று முடிவு. கூட்டுச் சீட்டுப் பணம் இந்த மாதம் என் முறை. சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரர்: "இருக்கற போனுக்கு என்னா கேடு? காடிக்கு டயர் மாத்தணும், அத யோசிச்சியா?"

தினேஷ்: "மா, பெரிய மாடலே எடுங்க. அத நான் வச்சிக்கிறேன், என்னோடத ஒங்களுக்குத் தாரேன். ஒங்களுக்கு அது போதும்லா."

மகனுக்கு இருபத்து மூன்று வயது. ஃபேக்டரியில் ஓவர்டைம் வேறு. அம்மா வாங்குகிற போன் அவனுக்கு வேண்டுமாம். எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

எதற்கு வாங்குகிறேன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். என் போனை நான் மட்டும் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போதுள்ளது என் விரலை எடுப்பதில்லை. சோப்பு, குளோரோக்ஸ், இஞ்சி, மீன் செதில். ரேகையெல்லாம் தேய்ந்து போயிற்று. அதனால் நம்பர்தான். நம்பர் அவருடைய காடி நம்பர், அவரே போட்டுக் கொடுத்தது. ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். அன்றைக்கே சோற்றில் கை வைத்தபடி, "என்னா மறைக்கிற?" என்றார், தினேஷ் முன்னால். புது நம்பரைச் சொல்லிவிட்டேன். நம்பரைக் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கிறது. விரலை எப்படிச் சொல்வது?

5 ஜூன், வியாழன்

வெயில். தெலுக் இந்தானிலிருந்து தங்கச்சி ஜெயந்தி காலை வணக்கம் அனுப்பியிருந்தாள். ரோஜாப்பூ, பனித்துளி. மூன்று மாதமாக வெறும் பூதான்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. புருஷன் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறான், பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், கிளம்பி வந்துவிடலாமா என்று அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அப்போது நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் திறந்து முழுசாகக் கேட்டுவிட்டார். கேட்டதோடு விட்டாரா? பத்து காஜா ஊரில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் வைத்து அவனிடம், "என்னா சகல, ஒங்க வீட்டம்மா பெட்டி கட்டுதாமே" என்றார். பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான். வீட்டுக்குப் போய் அவளை என்ன செய்தான் என்பது எனக்குத் தெரியும்.

கேட்டால் இன்றுவரை, "தமாசு பண்ணேன்லா" என்கிறார்.

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, ஒங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. ஒன் போனு ஒனக்கு மட்டும்னு ஆகட்டும். அப்பறம் பேசறேன்."

டீ நேரத்தில் போன்களைப் பற்றி வீடியோ பார்த்தேன். நடு விலைப் போன் ஒன்று, பச்சை நிறம். உச்ச விலைப் போன் ஒன்று, கறுப்பு. இனிமேல் ப., க.

ப.: பேட்டரி இரண்டு நாள் வருமாம். படம் நன்றாக விழுமாம். கவரும் பெட்டியிலேயே.
க.: நிலாவைக் கிட்டத்தில் படம் பிடிக்கலாம். ஏழு வருஷம் அப்டேட். சார்ஜர் கூடத் தர மாட்டார்கள், திமிர்.

பேசுகிறவன் மூச்சு விடாமல் பேசுகிறான். பிராசசர், ரேம், கேம் விளையாடினால் சூடு. விரலைப் பற்றி, "ரெண்டுலயும் ஸ்க்ரீனுக்குள்ளயே இருக்கு, ரெண்டுமே ஃபாஸ்ட்" என்று ஒரே வரி. அடுத்து மறுபடி நிலா. நிலாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

8 ஜூன், ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பாய் கடை வெள்ளியிலிருந்து அடைப்பு. நாளைக்கும் லீவு. ஈப்போ மாலுக்கு மூவரும் போனோம். நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தேன்.

போன் கடையில் சீனப் பெண் ஒருத்தி, சின்ன வயசு அமோய். பணம் என்னுடையது, அவள் பேசியதெல்லாம் இவரிடமும் தினேஷிடமும். தினேஷ் க.வை எடுத்துத் தன்னையே நாற்பது படம் எடுத்தான். இவர் விலையைப் பார்த்துவிட்டு, "இது போனா, மோட்டார் சைக்கிளா?" என்றார்.

நான் மலாயில் கேட்டேன்: எது என் விரலை எடுக்கும்? அமோய் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். காட்சிக்கு வைத்திருந்த ப.வில் என் கட்டை விரலைப் பதிய வைத்தாள். எடுத்தது. மறுபடி வைத்தேன், எடுத்தது. அங்கேயே கண் கலங்கிவிட்டது, அசிங்கம்.

"அப்பறம் என்னா, பச்சையே போதும்" என்றார் இவர். எனக்கும் சரியென்று பட்டது. நடு விலையில் வேலை முடிகிறதே. ப. ஸ்டாக் இல்லை, வியாழன் வருமாம். முன்பணம் கட்டினேன்.

திரும்பும்போது செண்டோல் சாப்பிட்டோம். இவர் நல்ல மூடில் இருந்தார்.

10 ஜூன், செவ்வாய்

கடை திறந்தாயிற்று. வருகைக்கு விரல் வைக்கிற மெஷின் என்னை ஒரு நாளும் ஏற்றதில்லை. எனக்கு மட்டும் நோட்டில் கையெழுத்து. இன்றைக்கு வேடிக்கையாக வைத்தேன், "தெரிமா காசே" என்று நன்றி சொன்னது. பாய் எட்டிப் பார்த்தார். "என்னாமா, மெசினுக்கு இன்னிக்குத்தான் ஒன்னத் தெரிஞ்சிச்சா?"

சிரித்துவிட்டு உள்ளே போனேன். பெருநாள் முடிந்த கூட்டம். ஒரு மூட்டை இஞ்சி. பாத்திரம் கழுவுகிறவள் இன்னும் வரவில்லை.

11 ஜூன், புதன்

காலையில் மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன். சிவப்பு விளக்குத்தான்.

அங்கேயே நின்றுவிட்டேன். லீவில் கடைச் சோப்பிலும் குளோரோக்ஸிலும் கை வைக்காமல் இருந்திருக்கிறேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ப. என் விரலை எடுத்தது. லீவு விரலைக் கொண்டுபோய்க் காட்டிப் போன் பார்த்திருக்கிறேன். என்னைப் போல் முட்டாள் உண்டா? திறக்க வேண்டியது வேலைநாளில் அல்லவா?

நாள் முழுக்க யார் மேலெல்லாமோ எரிந்து விழுந்தேன். வேலை முடிந்ததும் கிரீம் தடவாமல், உடை மாற்றாமல், அப்படியே பஸ் ஏறி ஈப்போ. பக்கத்தில் உட்கார்ந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். வெங்காய வாசனை, என்ன செய்ய.

அதே அமோய். கையை நீட்டிக் காட்டினேன். ப.வில் கட்டை விரல்: இல்லை. ஆள்காட்டி: இல்லை. அவள் பொறுமைசாலி. விவரம் சொன்னாள். ப. உள்ளிருந்து வெளிச்சம் அடித்து விரலைப் படம் பிடிக்கிறதாம். ரேகை தேய்ந்திருந்தால், ஈரமாக இருந்தால், படம் விழாது. க. சத்தத்தை அனுப்பித் தடவிப் பார்க்கிறதாம். காதுக்குக் கேட்காத சத்தம். அந்த வீடியோக்காரன் இதைச் சொல்லியிருந்தால் என்ன?

காட்சிக்கு வைத்திருந்த க.வில் புது விரல் பதிய விடாமல் கம்பெனி ஏதோ பூட்டுப் போட்டிருந்தது. அமோய் தன் சொந்தப் போனை எடுத்தாள், அதே க. தான். அதில் என் விரலைப் பதியச் சொன்னாள். முன்பின் தெரியாத பெண். என் வீட்டில் யாரும் இப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

கட்டை விரல் அதிலும் இல்லை. ஆள்காட்டி ஒரு தடவை திறந்து, பிறகு இல்லை. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. "ஆன்ட்டி, சுபா லாகி" என்றாள், இன்னொரு தடவை பார் என்று. ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்து, இடது சுண்டு விரலை வைக்கச் சொன்னாள். கத்தி பிடிக்காத விரல், பிரஷ் தேய்க்காத விரல். திறந்தது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து வைத்தாள், அப்போதும் திறந்தது. அதே விரல் ப.வில் காய்ந்திருந்தால் எப்போதாவது, நனைந்தால் கிடையாது.

க.வுக்கு ப. போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை. கூட்டுப் பணம் மொத்தமும் காலி. ஒரு சுண்டு விரலுக்கு இவ்வளவா?

கடைக்கு வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். டயர் ஞாபகம் வந்தது. ஜெயந்தி ஞாபகமும். உள்ளே போய், முன்பணத்தைக் க.வுக்கு மாற்றச் சொன்னேன்.

அமோய் தன் போனிலிருந்து என் விரலை அழித்தாள். என்னுடையதில் பதிந்தோம். நம்பரும் ஒன்று வேண்டுமாம், அவசரத்துக்கு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் தட்டினேன்.

12 ஜூன், வியாழன்

மேகமூட்டம். வீட்டிலும்.

"மூள கீள இருக்கா ஒனக்கு? வீட்டு ஆம்பளகிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" நேற்று மாலை ஆரம்பித்தது இன்று காலை வரை. என் பணம் என்றேன். அதற்கு ஒரு சண்டை.

தினேஷ் வேறு. "திறங்கம்மா, கேமரா பாக்கணும்." கையை மறைத்துத் திறந்து கொடுத்தேன். பார்த்துவிட்டு, "என் வெரலயும் ஒன்னு வச்சிக்கலாம்லா, எமர்ஜென்சிக்கு." வேண்டாம் என்றேன். நம்பர் என்ன என்றான். விரல் இருக்கும்போது நம்பர் எதற்கு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். பரவாயில்லை.

ஜெயந்திக்கு: "இப்போ என் போன் எனக்கு மட்டும். பேசு." பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

14 ஜூன், சனி

பூ. செம்பருத்தி. இனிய காலை வணக்கம்.

இத்தனை பணம் கொட்டி வாங்கிய திரையில் செம்பருத்தி பளிச்சென்று தெரிகிறது. எரிச்சல். அவள் மேல் இல்லை. இல்லை, அவள் மேலும்தான். நம்ப மாட்டாளா என்னை?

கை வலி. க. கனம் வேறு, படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு இழுக்கிறது. ப. லேசாக இருந்தது.

16 ஜூன், திங்கள்

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் ஹாலில். மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. கை துடைப்பதற்குள் இவர் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திரையில் தங்கச்சி பெயர், வாய்ஸ் மெசேஜ்.

"ஒன் தங்கச்சி. என்னாவாம், கேப்போம். வெரல வையி."

அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே என் வலது கையைத் தண்ணீரிலிருந்து இழுத்தார். கட்டை விரலைப் பிடித்துத் திரையில் அழுத்தினார். திறக்கவில்லை. வேட்டியில் துடைத்து மறுபடி அழுத்தினார். ஆள்காட்டி விரலை அழுத்தினார். இல்லை. இடது கை சோப்பு நுரைக்குள் இருந்தது. அப்படியே வைத்திருந்தேன்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்லா, பச்சையே போதும்னு. இவ்ளோ காசு குடுத்து ஒன் வெரலையே எடுக்கல."

"ஆமாங்க" என்றேன். "கடையில கேக்கணும்."

தான் சொன்னது பலித்த குஷியில் நம்பரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு, போனை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தினேஷிடம் சொல்லிச் சிரிக்கிற சத்தம். சிரிக்கட்டும்.

17 ஜூன், செவ்வாய்

காலையில் தூறல். கடைப் பின்னால், கேஸ் தோம்பு சிலிண்டர்களுக்கு நடுவில் நின்று கேட்டேன். ரகசியக் குரலில் பேசியிருந்தாள். "அக்கா, வெள்ளிக்கெழம வாரேன். ஒரே ஒரு பேக்குதான். அவன் வேலைக்குப் போனதும் பஸ் ஏறிருவேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிராத. நான் வந்து நின்னப்பறம் தெரியட்டும்."

"வா" என்று மட்டும் போட்டேன். பாயிடம் வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன், ஏன் என்று கேட்காமல் தந்தார்.

வேலை முடிந்து வந்து பின்னறையைக் கூட்டினேன். நல்லவேளை, வெயில் வந்திருந்தது. மெத்தையை வேலியில் காயப் போட்டேன். இவர் பார்த்துவிட்டு, "என்னாத்துக்கு இதெல்லாம்?" என்றார். மூட்டைப்பூச்சி என்றேன்.