கண்ணாடி அறை கட்டிய வருடம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் தலைவலி. எழுந்திருக்கும்போது இல்லை. சமையலறையில் தையல் மிஷின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், நெற்றிப்பொட்டு இரண்டையும் யாரோ கட்டைவிரலால் அமுக்குகிற மாதிரி தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை மேலங்கிகள் தைக்கக் குவிந்து கிடக்கின்றன. ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை.

சுகாதார நிலையத்து டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். "ஐம்பத்தாறு வயசு. நம்ம தென்கோடி ஊர்ல இப்ப குளிர்காலம். சூரியனும் சரியா வர்றதில்ல. மனசுதாம்மா காரணம்." ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். விழுங்கினால் தூக்கம் வருகிறது. தூங்கி எழுந்தால் மறுபடி அதே வலி.

என் வீட்டுக்காரன் எரிபெர்த்தோ பஸ் பணிமனையிலிருந்து வந்ததும், "என்ன கிழவி, இன்னிக்கும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு?" என்றான். பின்பக்கம் அவன் கட்டிய கண்ணாடி அறைக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். ஏப்ரலில் என் பிறந்த நாளுக்காகக் கட்டினான். இந்த ரியோ கஜேகோஸ் ஊர்க் காற்றில் நான் துணியோடு மல்லுக்கட்டக் கூடாதாம். தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கொடுத்துவைத்தவளாம்.

ஜூன் 5, வியாழன்

பனி பெய்யவில்லை. காற்று மட்டும். ஒன்றும் தைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

சண்டை.

சமையலறை கேஸ் ஹீட்டருக்கு மேலே சுவரில் கறுப்பு படிந்திருக்கிறது. துடைத்தால் துணியில் மை மாதிரி ஒட்டுகிறது. உள்ளே எரிகிற தீயும் முன்பு போல நீலமாக இல்லை. மஞ்சளாக, நாக்கை நீட்டி நீட்டி ஆடுகிறது. ஆளைக் கூப்பிடலாம் என்றேன்.

"எதுக்கு ஆளு? முப்பது வருஷமா பஸ் இன்ஜினப் பிரிச்சு மாட்டறவன் நான். இந்த டப்பாவுக்கு ஒருத்தன் வந்து எனக்குச் சொல்லித் தரணுமா?"

மூடியைக் கழற்றினான், ஊதினான், பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தான், மறுபடி பொருத்தினான். பற்றவைத்தான். மஞ்சள்தான்.

"மஞ்சளாத்தான் இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும். பாக்க அழகா இல்ல? சூடு வருதா இல்லையா, அதச் சொல்லு."

சூடு வருகிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டான். ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்து வழிகிறது. அதற்கு என் சூப் பானையைக் காரணம் சொன்னான்.

நான் எது சொன்னாலும் இந்த வீட்டில் அது வெறும் பேச்சாகவே போய்விடுகிறது. எப்போதிலிருந்து இப்படி?

ஜூன் 14, சனி

பியத்ராபுவெனா ஊரில், நில்தா அக்கா வீட்டில். பஸ்ஸில் வரும்போதே தூக்கம் மாதிரி ஏதோ ஒன்று மண்டையிலிருந்து இறங்கியது. இரவு ஆட்டுக்கறிக் குழம்பு இரண்டு தட்டு சாப்பிட்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

நான்கு நாளாகத் தலைவலி இல்லை. மாத்திரையை எடுத்து வரவே மறந்திருக்கிறேன், அதுகூட இன்றுதான் தெரிந்தது. ஆற்றங்கரையில் நடந்தோம். அக்கா ஏதோ சொல்ல, நான் சிரித்தேன். சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் நின்றுவிட்டாள். "ஏண்டி, உனக்கு ஒரு நோயும் இல்ல. புரியுதா? அந்த வீட்ட விட்டு வந்தா நீ மனுஷி. அங்க போனா பொணம். உனக்கு நோயே அவன்தான்."

"அவன் கெட்டவன் இல்லக்கா."

"கெட்டவன்னு நான் சொன்னேனா?"

ஜூன் 20, வெள்ளி

திரும்பி வந்தேன். அவன் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். என் பெட்டியை வாங்கிக்கொண்டான். சூடாக மாத்தே இலைத் தேநீர் வைத்துக் கொடுத்தான். நன்றாகத்தான் பேசினான்.

இருட்டுவதற்குள் தலைவலி. அப்புறம் வாந்தி.

அக்கா சொன்னது சரிதானா?

ஜூன் 26, வியாழன்

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். முகம் தெரிந்திருந்தால் வாய் வந்திருக்காது.

"உன்கூட இருந்தா எனக்கு உடம்புக்கு ஆகல. அங்க போனா நல்லா இருக்கேன். திரும்பி வந்த அன்னிக்கே படுத்துடறேன். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு?"

தண்ணீரை மூடினான். கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "நான் உன்னைய அடிச்சேனா? குடிச்சேனா? கண்ணாடி ரூம் கட்டிக் குடுத்தேனே சுலே," என்றான்.

"அதான். எதுக்குமே உன்னையக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா என் உடம்பு சொல்லுதே, நான் என்ன செய்ய!"

கத்திவிட்டேன். முப்பத்தோரு வருஷத்துல இப்படிக் கத்துனதில்ல. அய்யோ, அந்த ஆளு மூஞ்சி.

ஜூலை 2, புதன்

அக்கா வீடு. தலை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. அதுதான் வேதனை. ஒரு நாளாவது இங்கே வலித்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் குழறியது. குடித்திருக்கிறானோ என்று நினைத்தேன். இல்லையாம்.

"லீவு போட்டுட்டேன். வேலைக்குப் போகப் பிடிக்கல. நாள் பூரா சமையக்கட்டுலதான் உக்காந்திருக்கேன். நீ போனதுலேர்ந்து தலை வெடிக்குது சுலே. சாப்பிட்டா குமட்டுது. ஒருத்தர நெனச்சு ஏங்குறது மண்டையில வந்து வலிக்கும்னு எனக்கு யாரும் சொன்னதில்லையே."

அழுதானோ? தெரியவில்லை. ரிசீவரை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன்.

"நாடகம்," என்றாள் அக்கா. "எல்லாவனும் பண்றதுதான். அசந்துடாத."

அசரவில்லை. ஆனால் தையல் மிஷின் வேண்டும். சனிக்கிழமை போய் எடுத்து வரணும்.

ஜூலை 13, ஞாயிறு

மருத்துவமனை நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று நடுப்பகலில் வீட்டுக்குப் போனேன். மிஷினைத் தூக்கி வரத் துணைக்குப் பக்கத்து வீட்டு ஈரிஸ் கூட வந்தாள். கதவு தட்டினேன். உள்ளே ரேடியோ பாடுகிறது. பதில் இல்லை. சமையலறை ஜன்னல் முழுக்க ஆவி. என்னிடமிருந்த சாவி போட்டுத் திறந்தேன்.

மேஜையில் தலை வைத்துக் கிடந்தான். கன்னம் சிவப்பாக, நல்ல ஆரோக்கியமானவன் மாதிரி. பக்கத்தில் வாந்தி. "எரிபெர்த்தோ!" என்றேன். கண் பாதி திறந்தது. என்னைப் பார்த்தானா, தெரியாது. ஹீட்டரில் அந்த மஞ்சள் தீ. புது வெள்ளைக்கு மேலே மறுபடி கறுப்பு, கூரை வரைக்கும்.

ஈரிஸ்தான் கத்தினாள். "கேஸுடி! கேஸ மூடு! ஆள வெளிய இழு!"

மூடினேன். அவன் கனம் எனக்குத் தெரியும், ஆனால் அப்படி ஒரு கனம் தெரியாது. அக்குளில் கை கொடுத்து இரண்டு பேரும் இழுத்தோம். படியில் என் கால் வழுக்கி நானும் அவன்மேல் விழுந்தேன். பனித்தரையில் அவனைக் கிடத்திவிட்டு, "மூச்சு விடுய்யா, யோவ், மூச்சு விடு, விடு—" வேறு எதுவும் வாயில் வரவில்லை.

விட்டான்.

ஜூலை 14, திங்கள்

முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். பிழைத்துவிடுவான் என்கிறார்கள். விரல்கள் மட்டும் இன்னும் நடுங்குகின்றன.

இளம் டாக்டர், பெண். கேள்வி கேட்டபடியே எழுதிக்கொண்டாள்.

"வீட்டுல வேற யாரு இருக்கீங்க?"

"நான் இருந்தேன்."

"உங்களுக்கு ஏதாவது பண்ணுச்சா?"

"தலைவலி. வாந்தி. மறதி. கையி காலு ஓயும்."

"வெளியூர் போனா?"

"போனா சரியாயிடும். திரும்பி வந்தா—"

அதோடு நின்றுவிட்டேன். அவள் பேனாவும் நின்றது.

"கார்பன் மோனாக்சைடும்மா," என்றாள். "வாசனை இருக்காது. ரெண்டு பேருக்குமே அதுதான்."

நான் வெளியே வந்து சுவரோரம் நின்றேன். அப்படியென்றால் நான் வெறுத்தது எதை? முப்பத்தோரு வருஷத்த ஒரு டப்பாவப் பாத்துத் தூக்கிப் போட்டேனா? அவனை அந்த டப்பாகூடத் தனியா விட்டுட்டுப் போனேனே.

ஜூலை 18, வெள்ளி

எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் மீட்டரை மூடி முத்திரை போட்டுவிட்டார்கள். லைசென்ஸ் உள்ள ஆள் சரிசெய்து கையெழுத்துப் போட்டால்தான் திறப்பார்களாம். இன்று அந்த ஆள் வந்தார். பெயர் பெலாஸ்கெஸ். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்தார். எரிபெர்த்தோ ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வந்தவன். கோட்டோடு, கம்பளியோடு, நாற்காலியில்.

அவர் ஹீட்டரைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து கண்ணாடி அறைக்குள் போனார். அங்கேயே நின்றார்.

"இந்த ரூம யாரு கட்டினது?"

எரிபெர்த்தோ கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"ஹீட்டரோட குழாய் சுவத்துக்கு வெளிய வருது பாருங்க. காத்த உள்ள இழுக்கறதும் இதுதான், புகைய வெளிய விடறதும் இதுதான். இது திறந்தவெளியில இருக்கணும். நீங்க இதைச் சுத்தி நாலு பக்கமும் அடைச்சுட்டீங்க. விட்ட புகையையே திரும்பத் திரும்ப இழுத்து எரியுது. மிச்சம் கதவு வழியா வீட்டுக்குள்ள வருது."

"நான் பிரிச்சு சுத்தம் பண்ணினேன்," என்றான் எரிபெர்த்தோ.

"உள்ள ஒரு கோளாறும் இல்லைங்க. எவ்வளவு தேச்சாலும் நீலமா எரியாது." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தீ மஞ்சளாச்சு, சுவத்துல கரி, ஜன்னல்ல தண்ணி. இதுல ஒண்ணப் பாத்தப்பவே கூப்பிட்டிருக்கலாம்."

எரிபெர்த்தோ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் 'அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? என் துணி காயட்டும் என்று கட்டினான்.

ஜூலை 21, திங்கள்

கண்ணாடி அறையைப் பிரிக்கிறான். யாரையும் உதவிக்கு விடவில்லை. ஒரு திருகாணி கழற்றுவான், உட்காருவான். கை நடுக்கம் நிற்கும்வரை இருந்துவிட்டு அடுத்தது.

ஆகஸ்ட் 2, சனி

கையெழுத்தாகி, முத்திரை எடுத்து, தீ நீலமாக எரிகிறது. தலைவலி இல்லை. நான் இங்கேயே தங்கிவிட்டேன். போவதற்கு இப்போது காரணம் ஒன்றும் இல்லையே. அக்கா போனில் அழுதாள், "என் வாயில புழு புழுக்க," என்று. ஈரிஸ் கேக் கொண்டுவந்தாள். புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி எங்களை எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

துணியை வெளியே காயப்போட்டேன். காற்று போர்வையைப் பிடுங்கியது. வேலிக்கு அப்பால் ஈரிஸும் அவள் துணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கத்திக் கத்திப் பேசினோம். மூக்கு உறைந்துவிட்டது.

இது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மறந்தே போயிருந்தேன். அந்த அறை வேண்டுமா என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இரண்டும் இந்த வீட்டில் பழக்கம் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியம் சாப்பிட்ட பிறகு, தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான். "போன்ல சொன்னேனே, உன்ன நெனச்சுத்தான் தலை வலிக்குதுன்னு. ஆஸ்பத்திரில மூஞ்சில அந்த முகமூடிய மாட்டினதும் வலி போயிடுச்சு. படுத்துக்கிட்டு உன்னைய நெனச்சுப் பாத்தேன். வேணும்னே நெனச்சுப் பாத்தேன். ஒண்ணும் வலிக்கல சுலே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். எங்கள் கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

"நானும் என் தலைவலி நீதான்னு நெனச்சேன்யா," என்றேன்.

"இப்ப வலிக்கலையே?"

"வலிக்கல."

"அப்ப எப்பவும் இங்கயே இருந்துடேன்."

பதில் வரவில்லை எனக்கு. வந்திருக்க வேண்டும், இல்லையா? தலை தெளிவாக இருந்தது. பியத்ராபுவெனாவில் எப்படி இருந்ததோ அப்படியே. ஆற்றங்கரையில் சிரித்தது ஞாபகம் வந்தது. கட்டிலில் நடுவில் கால் நீட்டிப் படுத்தது. எனக்காக யாரும் முந்திக்கொண்டு எதையும் முடிவு செய்யாத அந்த நாட்கள். வலி போனது மட்டும் இல்லை அங்கே.

அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனான். "சரி கிழவி. அவசரமில்ல," என்றான், முதுகைக் காட்டிக்கொண்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு

இங்கிருந்து கிளம்பப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னபோது திட்டினாள். "இப்ப என்னடி காரணம்? அதான் ரிப்பேர் பண்ணியாச்சே!"

காரணம் இல்லாமல்தான் போகிறேன். அதனால்தான் இந்தத் தடவை கனமாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

மிஷினை அவனே பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டு அறை வாடகை வீடு. அக்கா வீட்டுத் தெருவிலேயே. குடிவருமுன் ஹீட்டரை லைசென்ஸ்காரர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தையல் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. சில நாட்கள் யாரோடும் பேசாமலே போய்விடுகிறது. அப்போது அழுகிறேன். பிறகு சரியாகிவிடுகிறது.

இன்று எரிபெர்த்தோ காலை பஸ்ஸில் வந்தான், பார்த்துவிட்டுப் போக. இளைத்திருக்கிறான். வலது கை நடுக்கம் அப்படியே இருக்கிறது, கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறான். பணிமனையில் இப்போது சாமான் அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். ஆட்டுக்கறி சமைத்திருந்தேன். "உப்பு கொஞ்சம் கம்மி," என்றான். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். நான் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தேன். நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு மூச்சு கொஞ்சம் தாமதமானபோது எழுந்தேவிட்டேன். அடுத்தது வந்தது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமானதும் எழுப்பினேன்.