எளியோர் சோப்பு

ஆவடி,
அக்டோபர் 1992

அன்பிற்குரிய மைத்துனன் நாகேந்திரனுக்கு,

இங்கு நானும் உன் அக்கா வசந்தகுமாரியும் நலம். குவார்ட்டர்ஸில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. மழைதான் இன்னும் வரவில்லை. பம்பாயில் நீங்கள் அனைவரும் நலமென நம்புகிறேன். கோபமாக எழுத வேண்டாம் என்று உன் அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே மிகுந்த மரியாதையுடன் எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனம் ஏழைகளுக்கென்றே மலிவான குளியல் சோப்பு ஒன்றைச் செய்து, ‘எளியோர்’ என்று பெயர் சூட்டியது. பெயரைத் தேர்ந்தவன் நீ என்று அறிந்தபோது, குடும்பத்தில் ஒருவனுக்காவது தமிழ் நினைவிருக்கிறதே என மகிழ்ந்தேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் ளகரம் நாக்கில் நிற்பதில்லை என்பது உனக்கு மறந்துபோயிற்று. வந்த வேகத்தில் அது ‘எலி சோப்பு’ ஆகிவிட்டது. நெமிலிச்சேரி ஸ்டேஷன் அருகே மளிகைக்கடை வைத்திருக்கும் வேம்புலி, அதை எலி மருந்துக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டான். ‘அண்ணாத்தே, இத்த துன்னா எலி சாவுமா, இல்ல குளிச்சிட்டு ஷோக்கா போவுமா?’ என்று ஒருவர் கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எழுத்துக்கூட்டிச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்களும் அதை வாங்கவில்லை. மேலுறையில், ஒட்டுப்போட்ட சேலையுடன் ஒரு பெண் கைகூப்பி நிற்கும் படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். விலையைக் குறைத்தது உங்கள் பெருந்தன்மை. குறைத்ததற்காக வாங்குபவள் கும்பிட வேண்டும் என்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள இயலவில்லை.

வெள்ளானூரில் வீடுவீடாக விற்க, கன்னியம்மாளை நீயே சிபாரிசு செய்து நியமித்தாய். கணவனை இழந்தவள்; அவளும் இரண்டு பெண்களும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். ‘நான் இல்லாதவ, எனுக்கு அந்த சோப்பக் குடுன்னு நாலு பேரு எதுர்ல எவ சார் கேப்பா? நானே கேக்க மாட்டேன்’ என்று என்னிடம் சொன்னாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். மேலுறைகளையெல்லாம் உரித்துவிட்டு, கூடையில் வெறும் சோப்பை அடுக்கி, ‘பச்ச சோப்பு’ என்று கூவிக்கொண்டு போனாள். வெள்ளானூர்ப் பெண்கள் வாங்கினார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் அதிகாரிகளின் மனைவிமாரும் வாங்கினார்கள். உன் அக்காவும் வாங்கினாள். நுரையும் மணமும் நன்றாகவே இருக்கின்றன. சரக்கில் குற்றமில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

விற்பனை ஏன் கூடியது என்று பார்க்க உங்கள் இன்ஸ்பெக்டர் வந்தார். மேலுறை எங்கே என்று அதட்டினார். ‘அவுத்துட்டேன் சார். குளிக்கப் போற சோப்புக்கு எதுக்கு சட்டை?’ என்றாளாம் கன்னியம்மாள். கூடியிருந்த பெண்கள் சிரித்திருக்கிறார்கள்; அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுவனத்தின் முத்திரையை அழித்துவிட்டாள் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்கள். உங்கள் சோப்பை உண்மையிலேயே விற்றுக்காட்டிய ஒரே ஆளை நீக்கிய உங்கள் நிர்வாகத் திறமையை நான் வியக்கிறேன்.

எளியோர் எதை விரும்புவார்கள் என்று பம்பாயில் பல கூட்டங்கள் போட்டிருப்பீர்கள். அவற்றில் ஒன்றிலாவது ஓர் எளியவருக்கு நாற்காலி போட்டீர்களா?

நேற்று கன்னியம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். உன் அக்கா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே, ‘பம்பாய்ல தம்பிக்கு இது தெரியாது சார். தெரிஞ்சா சும்மா உடுவாரா?’ என்றாள். நீக்கச் சொல்லி உத்தரவிட்டவன் நீதான் என்று இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் நான், ‘தெரியாதுதான் அம்மா. எழுதுகிறேன்; தெரிந்ததும் சரிசெய்துவிடுவான்’ என்று சொல்லி அனுப்பினேன். என் வாக்கில் பாதி பொய்யாகிவிட்டது. மீதிப் பாதி உன் கையில் இருக்கிறது.

நீயும் குழந்தைகளும் குறையின்றி வாழ வேண்டும். பொங்கலுக்கு அவசியம் வா. நீ வந்தது தெரிந்தால் கன்னியம்மாள் உன்னைப் பார்க்க ஓடிவருவாள். அப்போது நீ அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி.

உன் நலம் நாடும் மாமா,
செங்கல்வராயன்