கால்நடை அலமாரி

கிழக்குத் தாம்பரம்,
12 மே 2025

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நான் நலம். நாகர்கோவிலில் நீயும் நலமென்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பியதைக் கேட்டேன். ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறாய். அதில் ஆறு நிமிடம் உன் முழங்கால். மருமகளின் படிப்பைப் பற்றிய மீதிக்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் கடிதம்.

நேற்று பூசை முடிந்ததும் உன் மருமகள் ஜெரூஷா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்தாள். நூலக அறிவியல் படிக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் விளக்கினேன். பட்டம் பெற்றவர்கள் இரண்டு வருட எம்.எல்.ஐ.எஸ்.ஸில் நேராகச் சேரலாம், அல்லது பி.எல்.ஐ.எஸ். ஒரு வருடம், அதன் பிறகு எம்.எல்.ஐ.எஸ். ஒரு வருடம். நம் நாளில் இவற்றுக்கு பி.லிப்., எம்.லிப். என்று பெயர். தபாலிலும் படிக்கலாம், அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி நூலகராக நெட் தேர்வும் தேவை. நம் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. நேர்வகுப்பில் சேரும்படி சொன்னேன்.

உன் மகன் எபி, "புக்கு அடுக்கறதுக்கு ரெண்டு வருஷம் படிப்பா?" என்று சிரித்தானாம். அவனை ஒருநாள் என்னிடம் அனுப்பு.

பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தைதான் வேணாங்கறாங்க ஆன்ட்டி. 'நானே மண்டைய ஒடச்சிப் படிச்சும் எம்.லிப். சீட் கிடைக்கல, நம்ம குடும்பத்துக்கு அது ஒத்து வராது'ன்றாங்க. அவங்க வந்து பாப்பாவ பாத்துக்கிட்டாதான் நான் கிளாஸுக்குப் போக முடியும்." படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறாள். முப்பதாம் தேதி கடைசி நாள்.

நாம் பி.லிப். படித்த 1976 உனக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் நீ முதலில் ஏறி, பெண்கள் பெட்டியில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடிப்பாய். எழும்பூர் வரும்வரை நூல் வகைப்பாட்டு எண்களை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போவோம். எதிரே இருக்கும் பூக்காரி, "இன்னா பாப்பா, சீட்டு கம்பெனியா நடத்துறீங்க?" என்பாள். அட்டவணைக் கார்டில் என் கையெழுத்து அழகு. உன் எண் சரியாக இருக்கும். முதல் தேர்வில் என்னைவிடப் பதினொரு மதிப்பெண் அதிகம் வாங்கினாய். கான்வென்டில் எப்போதும் முதலாவதாக வந்தவள் நான். அந்தப் பதினொன்றை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு முன் உன் அம்மாவுக்குக் காய்ச்சல். கடைசி இரண்டு நாள்தான் உன்னால் நூலகத்துக்கு வர முடிந்தது. வகைப்பாட்டு எண்களுக்கான அட்டவணைப் புத்தகம் ஒரே ஒரு பிரதி, வாசிப்பு அறையை விட்டு வெளியே போகாது. அது காணாமல் போயிற்று. இரண்டு நாளும் நீ தேடினாய். உன்னோடு நானும் தேடினேன்.

ஹில்டா, அதை ஒளித்து வைத்தவள் நான். கறவை மாடு வளர்ப்புப் புத்தகங்களுக்குப் பின்னால். நம் வகுப்பில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். தேர்வு முடிந்த மாலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

செய்முறைத் தேர்வில் உன் மதிப்பெண் சரிந்தது, எம்.லிப். சீட் எனக்குக் கிடைத்தது. "எனக்கு மண்டை போதாது ஜோசி" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் வாசலில் எனக்குக் காராசேவு வாங்கிக் கொடுத்தாய். அந்தப் படிப்பை வைத்துத்தான் முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகராக இருந்தேன். என் வீட்டுக்காரர் தயாளன் கண்மூடும்வரை அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மூன்று 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார் ஃபாதர். எம்.லிப். பற்றி அவருக்கு என்ன தெரியும்!

உனக்கு மண்டை இருந்தது. என்னைவிட அதிகமாகவே இருந்தது. இல்லாத தோல்வியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டாதே.

இதைப் படித்ததும் முதலில் ஜெரூஷாவுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல். என்னைப் பற்றி என்ன முடிவு செய்வதென்றாலும் அதற்குப் பிறகு செய். நீ என்னோடு பேசாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

ஆண்டவர் உன் வீட்டாரையும் உன் முழங்காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜோசலின்