நான் நீக்கிவிட்ட சிறு எழுத்துகள்

ஜூன் 4, செவ்வாய்

வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இன்றுதான் வக்கீலம்மா என்னிடம் தனியாக ஒரு வேலை கொடுத்தார். தையல்கார அக்காவின் வழக்குக்கு வெளிநாட்டுச் சட்டம் ஒன்று வேண்டுமாம்.

அக்காவும் அவர் கணவரும் வெளிநாட்டில் ஒரே ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் அங்கேயே கல்யாணம். விடுப்பு கிடைக்காமல் ஐந்தாவது மாதத்தில்தான் பதிவு செய்திருக்கிறார்கள். போன வருடம் கணவர் இறந்துவிட்டார். காலம் கடந்து பதிந்த கல்யாணம் செல்லாது, நீ மனைவியே இல்லை, வீட்டைக் காலி பண்ணு என்கிறார்கள் கணவரின் அண்ணன்மார். அந்த வீட்டு முன்னறையில்தான் அக்காவின் தையல் மெஷின். உள்ளறையில் அக்காவும் ஏழு வயது மகளும்.

"பதிவு பண்ண அந்த நாட்டுல எத்தனை நாள் டைம்னு காகிதத்துல வேணும்," என்றார் வக்கீலம்மா. "எனக்கு கம்ப்யூட்டரத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். நீதான் தேடணும்."

சரிங்கம்மா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஒரு பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகம் நாடு வாரியாக ஒரு வழிகாட்டிப் பக்கம் வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் தளம் எது, தீர்ப்புகள் எங்கே, அரசிதழ் எந்த ஆண்டிலிருந்து கிடைக்கும் — எல்லாம் இருக்கிறது, இலவசமாக. ஒவ்வொரு இணைப்பின் கீழும் யாரோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள். 'இந்த மொழிபெயர்ப்பு அதிகாரபூர்வமானது அல்ல.' 'இந்தத் தளம் அடிக்கடி படுத்துவிடும், மறுநாள் முயலுங்கள்.' முகம் தெரியாத ஆளுக்காக இவ்வளவு அக்கறையா? நான் படித்த கல்லூரியில் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றுகூட யாரும் எழுதி ஒட்டியதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "இங்க உக்காந்துக்கிட்டே அந்த ஊரு கவர்மென்ட்டக் கேள்வி கேட்டுட்டியா?" என்றார். நாளைக்குள் அவர் வேலை பார்க்கும் லாரிப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், சட்டத்தையே நான்தான் போட்டேன் என்று.

ஜூன் 7, வெள்ளி

கிடைத்துவிட்டது. பிரிவு ஒன்பது: பதிவு செய்ய ஓராண்டு அவகாசம். அக்கா ஐந்தே மாதத்தில் பதிந்திருக்கிறார்.

வரிக்கு வரி அடைப்புக்குறியும் பொடி எழுத்துமாகப் பக்கம் அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் நீக்கி, பெரிய எழுத்தில் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். "அச்சடிச்ச புத்தகம் மாதிரி இருக்கே," என்றார் வக்கீலம்மா. "பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறவங்ககூட இவ்வளவு தேட மாட்டாங்க," என்றார் குமாஸ்தா அண்ணன். சாயங்காலம் வரை சிரிப்பு அடங்கவில்லை எனக்கு.

ஜூன் 12, புதன்

பிரதியோடு இணைக்க, தளத்தின் பக்கத்தை அப்படியே அச்செடுத்தேன். அப்போதுதான் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். 'திருத்தப்பட்டது' — ஆண்டும் போட்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்.

கல்யாணம் ஒன்பது வருடத்துக்கு முன்.

பழைய சட்டத்தைத் தேடிப் பிடித்தேன். அறுபது நாள். அறுபதே நாள்.

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன். தேதி இருந்த இடத்தையே அழுக்குன்னு தொடைச்சுப் போட்டிருக்கேன்.

நாளை மறுநாள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு இதுவரை எதையும் தேடவில்லை. சொல்லாமல் விட்டால்? யார் பார்க்கப்போகிறார்கள்? — இதை எழுதவே கை கூசுகிறது.

அக்கா போன் செய்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு தங்கச்சி?" இருக்குக்கா என்றுவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். அறைக்கு வெளியே கால்மணி நேரம் நின்ற பிறகு.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"சரி. தப்பான காகிதத்த நாம கொடுக்க வேண்டாம். தாக்கல் பண்ண திங்கட்கிழமை வரைக்கும் டைம் கேக்குறேன்." அவ்வளவுதான். திட்டுவார் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கே கவிழும் நேரத்திலும் இப்படி ஒருத்தரால் பேச முடிகிறது.

பிறகு வழிகாட்டிப் பக்கத்தை முதலிலிருந்து ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கீழே ஒரு குறிப்பு: 'திருத்தங்களைச் சேர்த்துத் தொகுத்த சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். திருத்தத்துக்கு முன் நடந்தவற்றுக்கு என்ன விதி என்பது திருத்தச் சட்டத்தில் மட்டுமே இருக்கும். அரசிதழைப் பாருங்கள்.'

அரசிதழ்த் தளத்தில் திருத்தம் வெளியான அந்த ஒரு மாதம் மட்டும் இல்லை.

அந்த நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஐந்து வரி. இரண்டு மணி நேரம் ஆனது.

ஜூன் 14, வெள்ளி

பதில் வந்துவிட்டது. ஒரே நாளில்.

எழுதியவர் ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துச் சொல்லத் தெரியவில்லை. அரசிதழின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு பத்தி ஆங்கிலம், ஒரு பத்தி அவர்கள் மொழி. கடைசிப் பிரிவு: இந்தத் திருத்தத்துக்கு முன் நடந்த திருமணங்களும், ஓராண்டுக்குள் பதியப்பட்டிருந்தால், முறையாகப் பதியப்பட்டவையே.

நான்கு முறை படித்தேன். அர்த்தம் மாறவில்லை.

'அந்த மாதத்தின் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருந்தது, போய் வாங்கி வந்தேன். முத்திரையிட்ட நகல் தனியாகத் தபாலில் வரும்' என்று முடித்திருக்கிறார். எனக்காக யாரோ ஒரு ஊரில் மாடிப்படி இறங்கி, ஏறியிருக்கிறார். நான் யார் அவருக்கு?

வக்கீலம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அக்காவுக்கு நீயே போன் பண்ணு," என்றார்.

ஜூன் 18, செவ்வாய்

"இன்டர்நெட்டுல எடுத்ததெல்லாம் சட்டமாகிடுமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். இதைத் தேடியது யார் என்று நீதிபதி கேட்டார். எழுந்தேன். பின்வரிசையிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தளத்தில் எது இருந்தது, எது இல்லை, நான் முதலில் எங்கே தவறினேன், யாருக்கு எழுதினேன் — எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை நகல் வர மூன்று வாரம் கொடுத்தார்.

ஜூலை 2, செவ்வாய்

உறை வந்தது. சிவப்பு முத்திரை. குமாஸ்தா அண்ணன் அதைத் தொடுவதற்குமுன் கை கழுவிவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 10, சனி

அக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து பதினொரு நாள். அக்கா விடாமல் கூப்பிட்டதால் இன்று அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மெஷின் ஜன்னலோரமாக நகர்ந்திருந்தது. "வெளிச்சம் நல்லா விழுது, இனிமே இங்கதான்," என்றார். மகள் துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் எனக்கு ஒரு சட்டை தைத்தே தீருவேன் என்று அளவு எடுத்தார். தோளில் டேப்பை வைத்தவர் நிறுத்திவிட்டார்.

"கூனாம நில்லு தங்கச்சி. கோர்ட்ல எப்படி நின்ன?"

நிமிர்ந்தேன். மறுபடி அளந்தார். அரை அங்குலம் கூடியிருந்தது.