நாகவள்ளி என்று எழுதியது யார்?

வெள்ளானூர்,
2-7-1967

அன்புள்ள மாமாவுக்கு நாகவல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் நைனாவும் சுகம். எனக்கு இது எட்டாம் மாதம். உங்கள் சுகத்தைத்தான் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

கார்த்திகையில் புறப்படும்போது, "காஸாவுல ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னுகினு சமாதானம் காக்கிற வேலை. நான் பட்டாள பேண்டுல கிளாரினெட் ஊதிகினு இருப்பேன், அவ்ளோதான்" என்றீர்கள். போன மாதம் ரேடியோவில் அங்கே யுத்தம் என்றும், நம் சிப்பாய்களும் செத்தார்கள் என்றும் சொன்னார்கள். அங்கே சண்டை போடுகிறவர்களுக்கும் நமக்கும் என்ன பகை? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆவடி பட்டாள முகாமுக்கே போய் விசாரித்தேன். "பேண்டுகாரங்களுக்கு ஒண்ணும் ஆவாதும்மா, ஊட்டுக்குப் போ" என்றார் அங்கிருந்தவர்.

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன், சீக்கிரம் ஊருக்கு அனுப்புவார்கள் என்று இருந்தது. ஆனால் அது உங்கள் கையெழுத்து இல்லை. என் பெயர் நாகவள்ளி என்று இருந்தது. நீங்கள் ஒருநாளும் அப்படி எழுதமாட்டீர்கள். நீங்கள் இல்லாமல் போய், வேறு யாரோ உங்களைப்போல எழுதுகிறார்களோ என்று நினைத்தேன். ஆனால் கடைசியில், கிணற்றில் மூன்றாம் படி ஆடுகிறது, இறங்காதே என்றும் இருந்தது. அது நம் இருவருக்கு மட்டும் தெரிந்தது. மறுபடி குழம்பிப்போனேன்.

நேற்று அதை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போனேன். உங்களோடு டிரம் அடிக்கும் பக்தவத்சலம் அண்ணன் வீட்டுக்கு. பஞ்சவர்ணம் அக்கா அவர் எழுதிய கடிதத்தைக் காட்டினார். குண்டு விழத் தொடங்கியதும் வாத்தியங்களை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, பேண்டுகாரர்கள் கையில் ஸ்ட்ரெச்சரைக் கொடுத்தார்களாம். முன்பக்கம் நீங்கள், பின்பக்கம் அவர். அடிபட்டவர்களை இரண்டு நாள் தூக்கினீர்களாம். அதற்கு அடுத்த இரண்டு வரிகளை மையால் அடித்து மறைத்திருக்கிறது. "அவரே அடிச்சாரோ, ஆபீஸ்ல அடிச்சாங்களோ, தெரியலடி" என்றார் அக்கா. இரண்டு கடிதங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். ஒரே கையெழுத்து.

அப்படியென்றால் நீங்கள் சொல்ல, அண்ணன் எழுதியிருக்கிறார். சொல்ல முடிந்த உங்களால் ஏன் எழுத முடியவில்லை? கையா? வலதா, இரண்டுமா? ஆறுகிற காயமா? இல்லை, கண்ணில் ஏதாவதா? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது, எதை நம்புவதென்று விளங்கவில்லை. எதுவானாலும் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். என் பெயரைத் தப்பாக எழுதினாலும் பரவாயில்லை.

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. "என் புள்ள எழுத்துதானே இது?" என்று மூன்று தடவை கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார். நான் சொன்னது பொய்யென்று அவருக்குத் தெரிவதற்குள் நீங்கள் வாசலில் வந்து நிற்கவேண்டும்.

எப்படி இருந்தாலும் வாருங்கள். அம்மன் உங்களைக் கூட்டி வரட்டும்.

உங்கள்
நாகவல்லி